நாடி பிடித்த கதை

'முதலுதவி' என்னும் தொடரை எவ்வாறு விரிப்பது? முதலாகிய உதவி என விரித்தால் அது பண்புத்தொகை. முதற்கண் செய்யும் உதவி என விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. முதலால் ஆகும் உதவி என விரிப்பாரும் உளர் என்பதை எங்கள் பாடசாலை மண்டபத்திலேதான் நான் அறிந்துகொண்டேன்.

சந்தியிலே பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், வகுப்பின் முதல் நாளன்று, வெள்ளை வேட்டியும் கையிலே ஒரு கோவையுமாக வந்து முன்வரிசையில் அமர்ந்தார். காயத்துக்குக் கட்டுப் போடும் முறையைக் காட்டினார்கள், கவனமாகப் போட்டார். இரத்தப் பெருக்கை அழுத்தி நிறுத்தும் முறையைக் காட்டினார்கள், அழுத்தினார். தேநீர் இடைவேளையில் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அவையள் சொன்னதெல்லாம் செய்து முடிச்சிட்டன். முதல் எப்ப தருவினம்?" என்று கேட்டார். கோவையிலே கடையின் கணக்கு விவரம் இருந்தது. சிறுதொழிலுக்கு முதல் கொடுத்து உதவும் கூட்டம் என்று எண்ணி வந்திருக்கிறார். வாயிலிலே ஒட்டியிருந்த அறிவித்தலில், "முதலுதவி நாடுவோர் தம் பெயரைப் பதிந்துகொள்க" என்றிருந்ததாம். அவ்வறிவித்தலை எழுதியவன் அடியேன்.

இந்த வகுப்பு எங்ஙனம் வாய்த்தது என்பதையும் கூறிவிடுகிறேன். மாசி மாதத்து வெயிலில் எங்கள் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்தபோது மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளைச் சூழ நாற்பது பேர் நின்றோம். ஒருவர் முகத்திலே தண்ணீரை வாரி இறைத்தார். ஒருவர் மூக்கிலே தைலம் பூசினார். ஒருவர் திறப்புக் கோவையைக் கையிலே திணித்தார். நானோ, "காற்று வரட்டும், விலகுங்கள்!" என்று உரத்துக் கூறியவாறு, காற்று வருந் திசையிலேயே மலைபோல நின்றேனாம். அவள் தானாகவே எழுந்து அமர்ந்து, "எனக்கு ஒண்டுமில்லை சேர், எல்லாரும் தள்ளி நில்லுங்கோ" என்றாள். அதன்பின்னரே, ஆசிரியர்களும் பெற்றோரும் உயர்தர வகுப்பு மாணவருமாக முப்பது பேரளவில், ஐந்து சனிக்கிழமைகள் முதலுதவி பயில்வதென்று முடிவாயிற்று. பயிற்றுநராக வந்தவர் ஹற்றனைச் சேர்ந்த இளைஞர், தாதியர் பயிற்சி பெற்றவர், பொறுமைக்கு இலக்கணமானவர். அவருடைய பொறுமையை எங்கள் மண்டபம் போல வேறெந்த மண்டபமும் சோதித்திராது.

முதற் சோதனை ஒரு சொல்லால் வந்தது. கணித ஆசிரியரை மேசைமேல் மயக்கமுற்றவராகக் கிடத்திவிட்டு, வணிகத்துறை ஆசிரியரை நோக்கி, "இவருடைய நாடியைப் பிடித்துப் பாருங்கள்" என்றார் பயிற்றுநர். வணிக ஆசிரியர் அருகே சென்று, பிள்ளைக்குத் தலைவாரும் தாயைப்போலக் கணித ஆசிரியரின் மோவாயை இரு விரல்களாற் பற்றி, முகத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பினார்.

"என்ன தெரிகிறது?" என்றார் பயிற்றுநர், தலையை உயர்த்தாமலே.

"சவரஞ் செய்து ரண்டு நாளாச்சுது" என்றார் வணிக ஆசிரியர்.

மயங்கிக் கிடந்தவர் மேசையிலிருந்து உருண்டு விழாதது புண்ணியம். யாழ்ப்பாணத்தார்க்கு நாடி என்பது மோவாய். கவலையில் ஆழ்ந்தவனை 'நாடியிலை கை வைச்சுக்கொண்டு இருக்கிறான்' என்போம். மலையகத்தவரான பயிற்றுநருக்கு அது மணிக்கட்டிலே துடிப்பது. இரண்டும் நல்ல தமிழே என்று நான் எழுந்து விளக்கம் கூறினேன். மருத்துவ நூலார் வாதம், பித்தம், சிலேத்துமம் என நாடி மூன்று கூறுவர் என்பதையும் சொன்னேன். பயிற்றுநர் நன்றி கூறிவிட்டு, அடுத்த பாடத்துக்குச் சென்றார். மயங்கியவன் மல்லாந்து கிடக்கும்போது நாக்குப் பின்சரிந்து தொண்டையை அடைத்துவிடும்; ஆதலின் நெற்றியிலே ஒரு கை வைத்துத் தலையைப் பின்சாய்த்து, மறுகை விரல்களால் மோவாயை உயர்த்தல் வேண்டும். என் விளக்கத்துக்கு மதிப்பளித்தோ என்னவோ, அவர் இம்முறை யாழ்ப்பாண வழக்கிலேயே, "நாடியை உயர்த்துங்கள்" என்றார். உடனே முப்பது பேரும் தத்தம் அயலவரின் மணிக்கட்டைப் பிடித்து மேலே உயர்த்தினார்கள். தேர்தற் கூட்டத்திலே கைதூக்கி வாக்களிப்பது போன்றிருந்தது அக்காட்சி.

இதிலே இன்னுமொரு வேடிக்கை உண்டு. பொதுமக்கள் நாடித்துடிப்பைத் தேடவே வேண்டியதில்லை என்பதுதான் இக்காலத்து முறையாம். பதற்றத்திலே தேடுபவன் தன் விரலின் துடிப்பையே பிறனுடையது என எண்ணிவிடுவான். அல்லது தேடித் தேடியே காலத்தைப் போக்கிவிடுவான். கூப்பிட்டால் அசைகிறானா, இயல்பாக மூச்சு விடுகிறானா என்னும் இரண்டையும் பார்; இல்லையெனில் நெஞ்சை அழுத்தத் தொடங்கு. இவ்வளவே. பயிற்றுநர் இதனை இறுதியிற் கூறியபோது, நாடிக்கு நான் செலவிட்ட பதினைந்து நிமிடங்களும் என்னை நோக்கி நகைத்தன.

இரண்டாவது சனிக்கிழமை அவர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். அதனுள்ளே இடுப்புவரை அமைந்த பெண்ணுருவப் பாவை ஒன்று இருந்தது. மூடிய கண்கள், உதட்டிலே ஓர் இளமுறுவல். உலகெங்கும் இவ்வகுப்புகளில் இப்பாவையை 'அனி' என்றே அழைப்பராம். முதலில் அதன் தோள்களைத் தட்டி, "அனி, அனி, கேட்கிறதா?" என்று உரத்து வினவ வேண்டும். றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் ஆறாந் தரத்திலே கற்பிப்பவன் நான். அவ்வேறுபாடு அன்று எவர் காதிலும் ஏறவில்லை. உயர்தர மாணவன் ஒருவன் முதலாவதாகச் சென்று, முழந்தாளிட்டு, "அண்ணி! அண்ணி! என்ரை சத்தம் கேக்குதோ?" என்று அலறினான். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அண்ணைக்கு ஆர் அறிவிக்கிறது?" என்றாள். அவ்வளவுதான். மண்டபம் தன்னிலை இழந்தது.

சிரிப்பு அடங்கியபோது புதிய இடர் ஒன்று முளைத்தது. அண்ணி என்று பெயர் நிலைத்துவிட்டபின், அவள் நெஞ்சிலே கை வைக்க ஆடவர் எவரும் முன்வரவில்லை. இலக்குவன் சீதாபிராட்டியின் அணிகலன்களுள் காற்சிலம்பை மட்டுமே அடையாளங் கண்டானென வான்மீகி கூறுவதை அறியாதவர் நம்முள் யார்? அந்த மரபிலே வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, ஒருவரையொருவர் "நீங்கள் போங்கோ சேர்" என்று உபசரித்துக்கொண்டார்கள். பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு நின்றார். பின்னர் மெல்லிய குரலில், "நீங்கள் வெட்கப்பட்டு நின்றது மூன்று நிமிடம். மூச்சு நின்று நான்கைந்து நிமிடம் கழிந்தால் மூளை கெடத் தொடங்கும்" என்றார். அதன்பின் முதலில் எழுந்தவர் எங்கள் அதிபர். அவர் பெண்மணி.

அப்பாவையின் முகத்துக்கு ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரிலே செயின் நதியில் மூழ்கி இறந்த பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகத்திலிருந்து வார்த்தெடுக்கப்பட்டது என்று சொல்லப்படும் ஓர் அச்சு முகம் ஐரோப்பிய இல்லங்களின் சுவர்களிலே அலங்காரமாகத் தொங்கிற்று. கதை முழுவதும் மெய்யோ என்று ஐயுறுவாரும் உளர். முகம் மட்டும் மெய். நோர்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால் என்பார், நீரிலே மூழ்கிய தம் சிறு மகனைத் தாமே தூக்கியெடுத்துக் காப்பாற்றியவர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையைப் பீற்றர் சாபர் முதலிய மருத்துவர்கள் 1950களில் நிலைநாட்டியபோது, அதனைப் பயில்வதற்கு ஒரு பாவை வேண்டுமென்று அவரை அணுகினார்கள். அவர் நினைவில் எழுந்தது அச்சுவர் முகம். 1960இல் அப்பாவை பிறந்தது. அதே 1960இலேதான் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவென்ஹோவன் என்பாரும் அவர் துணைவரும், நெஞ்சைத் திறவாமல் வெளியிலிருந்து அழுத்தியே இதயத்தை இயக்கலாம் என்னும் முறையை வெளியிட்டார்கள். ஒருவரும் காப்பாற்றாத ஒருத்தியின் முகத்தின்மேலே உலகம் காப்பாற்றப் பயில்கின்றது. இதனைப் பயிற்றுநர் கூறியபின் 'அண்ணி' என்று எவரும் கேலி செய்யவில்லை. ஆனால் பெயர் மாறவுமில்லை.

இனி, அழுத்துதலின் கதை. ஒரு நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் நெஞ்சின் நடுவே அழுத்தல் வேண்டும். இந்தக் கதி மனத்திலே பதிவதற்காக மேனாட்டார் 1977இல் வெளிவந்த ஆங்கிலப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு அழுத்துவராம். தமிழுக்கா கதி இல்லை என்று எனக்கு மானம் வந்தது. வெண்பாவின் செப்பலோசை வாதிடுவார்க்கே உரியது. வஞ்சியின் தூங்கலோசை, பெயரைக் கேட்டாலே, நோயாளிக்கு ஆகாது. கலிப்பாவின் துள்ளலோசையே பொருந்துமென்று துணிந்து, சால்வையை மடித்து வைத்துவிட்டு, மனத்துள் ஓதிக்கொண்டு அழுத்தலானேன். பதினைந்தாவது அழுத்திலே தளை தட்டிற்று; இருபதாவதிலே எனக்கு மூச்சு வாங்கிற்று. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பாவையினுள்ளிருந்து 'டிக்' என்றோர் ஓசை எழும். எனக்கு அது ஒருமுறை எழுந்தது; அதுவும் என் மோதிரம் பட்ட ஓசை என்றனர் சிலர்.

உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். ஆழம் போதியது, வேகம் ஓட்டப்போட்டி வேகம். ஒரு நிமிடத்திலே களைத்து அமர்ந்தார். அப்போது, பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்க வரும் தாய்மாருள் மூத்தவர் ஒருவர், சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு, "நானும் ஒருக்காச் செய்து பாக்கட்டோ தம்பி?" என்று கேட்டு முழந்தாளிட்டார். டிக், டிக், டிக் என்று ஓசை தவறாமல் எழுந்தது. கை மடங்கவில்லை, தோள் நேராக நின்றது, ஒரே கதி. இரண்டு நிமிடம் முடிந்ததென்று பயிற்றுநர் நிறுத்தியபோது அவருக்கு வியர்க்கவுமில்லை. "எங்கே அம்மா பழகினீர்கள்?" என்றார் பயிற்றுநர் வியந்து. "இது உலக்கை போடுற கை தம்பி. மில் வர முதல் ஊரிலை அரைவாசி வீட்டு மா இந்தக் கையாலை இடிச்சது" என்றார் அவ்வம்மையார். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும், இடையிலே தாளம் விடக்கூடாது என்று பயிற்றுநர் கூறியதும், "ரண்டு பேர் மாறி மாறிப் போடுற மாதிரித்தானே" என்று தலையசைத்தார். யாப்பருங்கலக் காரிகையிலே நான் தேடியது உரலடியிலே கிடந்திருக்கிறது.

இடையே ஒரு செய்தி. நீரில் மூழ்கியவர்களை மேனாட்டார் முன்னாளில் எவ்வாறு எழுப்பினர் என்பதைப் படித்து, மூன்றாம் வகுப்பிலே நான் எடுத்துரைத்தேன். 1774இல் இலண்டனிலே மூழ்கினோரைக் காப்பதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அக்காலத்திலே தேம்ஸ் நதிக்கரையில் ஆங்காங்கே துருத்தியோடு கூடிய பெட்டிகள் வைக்கப்பட்டன. துருத்தி எதற்கு? புகையிலைப் புகையை மூழ்கியவனின் உடலினுள் ஊதுவதற்கு. எவ்வழியாக ஊதினர் என்பதை அவையடக்கங் கருதி இங்கு விரித்தெழுதேன். வாய்வழி அன்று, மூக்குவழியும் அன்று. புகையிலை இதயத்துக்கு நஞ்சு என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தெளிவான பின்னர் அதனைக் கைவிட்டனர். இதைக் கேட்டிருந்த கடைக்காரப் பெரியவர் (முதல் கிடையாது என்று அறிந்த பின்னும் அவர் வகுப்பை விடவில்லை) நெடுநேரம் யோசித்து, "எங்கடை புகையிலைக்கு ஒரு காலத்திலை ஏன் அவ்வளவு கிராக்கி எண்டு இப்பதான் விளங்குது" என்றார்.

பாம்புக்கடிப் பாடத்திலே சிரிப்பினூடே சிறு பூசலும் எழுந்தது. சுருட்டையும் புடையனும் நாகமும் வாழும் மண் இது. "பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் பயிற்றுநர். "பாம்பை அடிப்பம்" என்று மாணவர் ஒரே குரலில் விடையிறுத்தனர். "பிறகு?" "அதைப் பையிலை போட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம்." "கடிபட்டவரை?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒருவர் இருப்பது அவர்கள் நினைவுக்கு வந்தது. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் தீங்கு விளைப்பவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி, விரைவாக மருத்துவமனை சேர்ப்பதே செய்யத்தக்கது. பாம்பைத் துரத்துபவன் இரண்டாம் நோயாளியாவான் என்று அவர் விளக்கினார். திரைப்படத்திலே கதாநாயகன் உறிஞ்சித் துப்பியதைக் கண்ணாரக் கண்ட ஒருவர் இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான்காம் வகுப்பு எலும்பு முறிவு பற்றியது. முக்கோணத் துணிகள் போதவில்லை. பயிற்றுநரின் கண் என் சால்வையிலே பதிந்தது. ஜெர்மனி நாட்டுப் படைமருத்துவர் எஸ்மார்க் என்பார் 19ஆம் நூற்றாண்டிலே இம்முக்கோணத் துணியைப் பரப்பினார். எழுத்தறியாப் படைவீரனும் பார்த்துக் கட்டும்படி, கட்டும் வகைகளைத் துணியிலேயே படமாக அச்சிட்டுக் கொடுத்தார். மேடைகளிலே எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளோ பெட்டியிலே பாச்சையுருண்டையோடு துயில்கின்றன. அன்று என் பழஞ்சால்வை கோணலாக மடிக்கப்பட்டு, கணித ஆசிரியரின் 'முறிந்த' கையைத் தாங்கித் தொங்கியபோது, என் உடைமைகளுள் ஒன்றேனும் பயன்பட்டதே என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவர் அதனுடனேயே வீட்டுக்குப் போய்விட்டார். வழியிலே கண்டவர்கள் அவருக்குக் கை முறிந்ததென்று ஊரெல்லாம் பரப்பி, மாலையில் ஹோர்லிக்ஸ் போத்தல்களோடு அவர் இல்லத்துக்குச் சென்றனர்.

அவ்வகுப்பிலே 'ஸ்பிளின்ற்', 'பன்டேஜ்', 'பிறக்சர்' என்று சொற்கள் பறந்தன. தமிழிலே சொன்னால் என்ன என்று கேட்டேன். "தமிழிலே இதற்கெல்லாம் சொல் இருக்கிறதா ஐயா?" என்று ஒரு மாணவி கள்ளங்கபடமின்றிக் கேட்டாள். மானிப்பாய் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவங் கற்பித்தவர், 1860களிலே தமிழில் கற்பிக்கலானார். ஆங்கிலங் கற்றவன் அரசாங்க உத்தியோகம் தேடி அப்பாற் போய்விடுவான். தமிழிலே கற்றவன் தன் ஊரிலே தங்கி ஊராரைப் பார்ப்பான் என்பது அவர் எண்ணம். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரை உருவாக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல் வேண்டுமிடத்து முதலில் தமிழிலே தேடு, இல்லையேல் வடமொழியிலே தேடு, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுது என்பது அவர் வகுத்த நெறி. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே அம்மூன்றாம் விதியின் குழந்தை. இவையெல்லாவற்றையும் நான் எடுத்துரைத்து முடித்தபோது, முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டப்பட்டிருந்த மாணவன், "சேர், அவிழ்க்கலாமோ? கால் விறைச்சிட்டுது" என்றான். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஐந்தாம் வகுப்பு, மரத்திலிருந்து விழுந்தவரை எவ்வாறு காப்பது என்பது. முதலிற் செய்ய வேண்டியது அவசர ஊர்தியை அழைத்தல் என்று கூறி, கரும்பலகையிலே பெரிதாக 1990 என்று எழுதினார் பயிற்றுநர். இந்திய அரசின் கொடையோடு 2016இலே தென்னிலங்கையில் தொடங்கி, 2018இலே யாழ்ப்பாணத்துக்கும் வந்த இலவசச் சேவையின் தொலைபேசி எண் அது. "இதைச் சொன்னவுடன் உங்களுக்கு நினைவு வர வேண்டியது என்ன?" என்று கேட்டார். உலக்கைக்கார அம்மையார் எண்ணைப் பார்த்துப் பெருமூச்செறிந்து, "அந்த வருசம் எங்கை தம்பி வாகனம் ஓடினது?" என்றார்.

சிரித்தவர்கள் யாவரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். இளையோர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தனர். 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது, மின்சாரம் நின்றது, பெற்றோல் அரிதாயிற்று, நோயாளியும் பிரசவத்துக்குரியவளும் சைக்கிளிலே சென்ற காலம் அது. அதனை அவர்களுக்கு எவ்வாறு ஒரு வசனத்திலே சொல்வது?

பிறகு செய்முறை. முதுகெலும்பு அடிபட்டதென்று ஐயமிருந்தால் ஆளை அசைத்தலாகாது. தீயோ நீரோ போன்ற வேறு இடர் இல்லாதவிடத்து, கிடந்தபடியே விட்டு, தலையை இரு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு ஊர்தி வருமளவும் காத்திருத்தல் வேண்டும். புரட்டியே தீர வேண்டுமாயின், தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டிலே நிற்க, பலர் சேர்ந்து மரக்குற்றியை உருட்டுவது போல ஒருங்கே உருட்டல் வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் விழுந்தவரானார். அவரோ பேராகிருதி; போதாக்குறைக்குக் கூச்சமுள்ளவர். இடுப்பிலே கை பட்டவுடன் நெளிந்து சிரித்தார். "முதுகெலும்பு முறிந்தவர் நெளியக்கூடாது" என்று பயிற்றுநர் கண்டித்தார். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினால் மூன்றிலே உருட்டுவதா, மூன்றுக்குப் பின் உருட்டுவதா என்பது பேசித் தீர்க்கப்படாமையால், தலைப்பக்கம் ஒரு கணத்திலும் காற்பக்கம் மறு கணத்திலும் திரும்பின. சிரிப்பு அலையலையாக எழுந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 1990ஆம் ஆண்டின் இறுதியிலே, எனக்கு இருபது வயது கடந்திருந்த நாளில், சீவல் தொழில் செய்துவந்த எங்கள் அயலவர் ஒருவர் பனையிலிருந்து விழுந்தார். ஓடிச் சென்றவர்களுள் நானும் ஒருவன். அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினோம், நிற்க முடியவில்லை. சைக்கிளின் பின்னிருக்கையிலே இருத்தி, அவர் சாய்ந்து விழாதபடி சால்வையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். குண்டுங்குழியுமான தெருவிலே நான் மிதித்துச் சென்றேன். அவர் தலை என் தோளிலே ஆடிக்கொண்டே வந்தது. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே அசைவு திரும்பவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் திண்ணையிலே படுத்திருந்தார். நான் அவ்வழியே செல்லும்போதெல்லாம், வந்திருப்பவரிடம் என்னைக் காட்டி, "தம்பிதான் அண்டைக்கு என்னைக் காப்பாத்தினது" என்பார். நான் அதனை ஏற்று, தலை குனிந்து, பெருமையோடு நடந்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் பயிற்றுநரைத் தனியே கண்டு கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "விழுந்த வேகத்திலேயே நரம்பு அறுந்திருக்கலாம் ஐயா. தூக்கியதாலும் ஆகியிருக்கலாம். இப்போது எவராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு நீங்கள் தூக்காமல் விட்டிருந்தாலும், எடுத்துப் போக என்ன இருந்தது?" என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆயினும், 'மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல' என்று நம் ஊரிலே ஒரு பழமொழி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதற்குப் பொருள் கூறி வருகிறேன். மாடு யாரென்று அன்று வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் இப்போது இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைத்தார். அடுத்தடுத்த வீடுகள் என்பதனாலோ, வேலிக்கு மேலாக ஒன்றன் குரல் மற்றதற்குக் கேட்கின்றது.

வகுப்பின் நிறைவாக, பயின்றவற்றைச் சுருக்கி ஓர் அறிவித்தற் பலகை எழுதிச் சமையற்கூடத்தருகே, கிணற்றுக்கு எதிரே வைப்பதென்று தீர்மானித்தார்கள். எழுதும் பொறுப்பு வழக்கம்போல என்னிடம் வந்தது. ஓரிரவு முழுதும் முயன்று, "உணர்விழந்து மூச்சொழிந்து கிடக்கும் ஒருவரைக் காணும் எவரும், காலந் தாழ்த்தாது, முதற்கண் அவசர ஊர்திச் சேவையினருக்கு அறிவித்து, அதன் பின்னர்..." என்று தொடங்கி, பதினேழு வரியிலே ஒரே வாக்கியமாக முடித்தேன். சந்திப் பிழை ஒன்றும் இல்லை. பயிற்றுநர் அதனை மரியாதையோடு வாசித்தார். "ஐயா, வாசிக்க ஒன்றரை நிமிடம் ஆயிற்று" என்றார். பின் தயங்கி, "பயனிலை பதினேழாவது வரியிலே இருக்கிறது. அதற்குள் ஆள் போய்விடுவார்" என்றார். முதலுதவிக்குப் பெயர் பதிய வந்து முதல் கேட்ட பெரியவர் அருகே நின்று, "அதைத்தான் நானும் சொன்னனான்" என்றார். அவர் எதைச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அரை மணிநேரம் இருவருமாக வெட்டினோம். எஞ்சியவை இவை: கூப்பிட்டுப் பார். மூச்சைப் பார். 1990ஐ அழை. நெஞ்சின் நடுவே அழுத்து. நிறுத்தாதே. ஐந்தே வரிகள். எல்லாம் ஏவல் வினைமுற்று. இனிப் போதும் என்றார் பயிற்றுநர். ஆறாவதாக ஒன்று வேண்டுமென்று நான் பிடிவாதமாக நின்று, அதனை என் கையாலேயே எழுதினேன்.

பலகை வைத்த அன்று, அவ்வம்மையார் அரிவாளும் கையுமாக வந்து, ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசி வரியிலே நின்றார்: 'மரத்தால் விழுந்தவரைத் தூக்காதே.'

"இது மட்டும் ஏன் ஐயா இவ்வளவு பெரிய எழுத்து?" என்று கேட்டார்.

"தூரிகை பருத்துவிட்டது" என்றேன்.